பல்கலைக்கழகம் போன கிருமி

தில்லையடி, புத்தளம்
2023 ஒக்டோபர் 8

அன்பு மருமகள் அஸ்காவுக்கு மாமா நெய்னார் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். கண்டிக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நானும் மாமி ஹவ்வாவும் அல்லாஹ் தந்த சுகத்தோடு இருக்கிறோம்.

இதை எழுதுவது நான்தான். எழுதித் தந்தவர் யார் என்று தேடாதே. பள்ளிவாசல் மண்டபத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு றிஸ்மினா டீச்சர் வயதானவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். முதல் நாள் நான் கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து குர்ஆன் ஓதுகிற எழுத்து மட்டும்தானே, அது வலமிருந்து வரும். டீச்சர் பார்த்துவிட்டு, "நெய்னார் காக்கா, இது மத்தப் பக்கத்தால வாற எழுத்து" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இத்தனை வயது வரை பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறினேன். இப்போது அதன் நெற்றியில் 'கற்பிட்டி' என்று இருப்பதை நானே வாசிக்கிறேன். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அது வேறு விஷயம்.

இனி நீ போன் எடுக்காதே. போனில் சொன்னது காதோடு போய்விடும். கடிதம் என்றால் எழுத்துக் கூட்டி ஒரு கிழமைக்கு வைத்து வாசிக்கலாம். அங்கே என்ன படிக்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தவளையோடு என்னவோ செய்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியாக எழுது.

உன் உம்மா பஸீனா இருந்திருந்தால் தன் காக்காவின் எழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

மாமா நெய்னார்

*

கண்டி
2023 ஒக்டோபர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். மாமியின் முழங்கால் வலி எப்படி?

உங்கள் கடிதத்தைப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். என்னோடு வேலை செய்யும் நிரூபா, நம் பக்கத்து உடப்பு ஊர்ப் பிள்ளை. "உன்ர மாமான்ர எழுத்து என்ர எழுத்த விட வடிவு" என்கிறாள்.

என் வேலை இதுதான். தவளை சேற்றிலும் குப்பையிலும் கிடக்கிறது, ஆனாலும் அதன் தோல் அழுகுவதில்லை. அந்தத் தோலின் ஈரத்துக்குள் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கின்றன. கிருமி வந்தால் அவை அதன் மேலுறையில் துளை போடும். கிருமி வெடித்துச் செத்துவிடும். ஆஸ்பத்திரி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றின் மேல் இந்தத் துண்டுகளைப் போட்டு, எது சாகிறது எது பிழைக்கிறது என்று பார்க்கிறோம்.

பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வாசிக்க முடிகிறதா?

மருமகள் அஸ்கா

*

தில்லையடி
2023 நவம்பர் 12

அன்பு மருமகளுக்கு ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமியின் முழங்கால் பழையபடிதான், வாய் மட்டும் நல்ல சுகம்.

உன் கடிதத்தை நான்கு நாளில் வாசித்தேன். பிறகு வகுப்பில் நின்றபடி உரக்க வாசித்தேன். 'புரதத் துண்டு' என்ற இடத்தில் மட்டும் டீச்சர் கை கொடுத்தார்.

முன் கடிதத்தில் சுகம் என்று எழுதினேன். அது முழுச் சுகம் இல்லை. உப்பளத்தில் வேலை செய்த காலத்திலிருந்து என் வலது காலடியில் உணர்ச்சி குறைவு. சீனி வருத்தமும் சேர்ந்துகொண்டது. நோன்புப் பெருநாளைக்குப் பிறகு சிப்பி ஓடு ஒன்று பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சீலையில் பட்ட கறையைப் பார்த்து ஹவ்வாதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஆறாமல் கிடக்கிறது. கிளினிக்கில் புண்ணைத் துடைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அதில் இருப்பது மருந்துகளுக்கு அடங்காத கிருமியாம். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை என்னைத் தன் த்ரீவீலில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு ரிப்கான் தமிழில் சொன்னான்.

"காக்கா, இந்தக் கடைசி மருந்துக்கும் அடங்கல்லெண்டா முழங்காலுக்குக் கீழ கழட்டணுமாம்."

"கழட்ட அது என்ன, ஒன்ட த்ரீவீல் டயரா?" என்றேன். டொக்டரும் சிரித்தார், அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்போல.

நீ எழுதியதை வாசித்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. நீ பார்க்கிற கிருமியும் என் காலில் இருக்கிற கிருமியும் ஒன்றுதானா? உன் தவளை என் காலைக் காப்பாற்றுமா? கேட்டு எழுது.

மாமா நெய்னார்

*

கண்டி
2023 நவம்பர் 28

அன்புள்ள மாமா,

ஸலாம். காலைப் பற்றி ஏன் முதலே சொல்லவில்லை? சீனியைக் குறையுங்கள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றால் நீங்கள் கேட்கப்போவதில்லை, தெரியும்.

பேராசிரியரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உங்கள் கிருமியை வளர்த்து வைத்திருப்பார்கள். நீங்கள் சம்மதித்தால் அதை எங்களுக்குத் தருவார்களாம். அந்த மாதிரிக் கிருமிதான் எங்களுக்கும் வேண்டும். கிளினிக்கில் சம்மதப் படிவம் தருவார்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் மாமா. இது ஆராய்ச்சி. மருந்தாகி வர வருடக் கணக்கில் ஆகலாம். டொக்டர் தருவதை விடாமல் பாவியுங்கள்.

அஸ்கா

*

தில்லையடி
2023 டிசம்பர் 24

அன்பு மருமகளுக்கு ஸலாமும் துஆவும். இங்கே மழை. அங்கேயும் பெய்யும், தலை நனையாதே.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ் கைப் பெருவிரலுக்கு மை கொண்டுவந்தார். "எடுங்க மகள் அத" என்று சொல்லிவிட்டுப் பேனை கேட்டேன். நெ-ய்-னா-ர். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் முணுமுணுத்தார், அவர் மீன்காரர், விட்டுவிடு.

என் கிருமி ஐஸ் பெட்டியில் ஏறிப் போனதாம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நீ, இரண்டாவது ஆள் என் கிருமி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் ஒரு தடங்கல். இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஸ்ரத் என்னைப் பிடித்துக்கொண்டார். "நெய்னார், ஒரு வைத்தியர் மருந்துக்குத் தவளை எடுக்கலாமா எண்டு நபியவங்களிட்டக் கேட்டிரிக்கார். அதக் கொல்ல வேணாம் எண்டு தடுத்திரிக்காங்க. ஒங்கட மருமகள் கொல்றாவோ என்னவோ, கேட்டுப் பாருங்க" என்றார். அன்றிரவு ஹவ்வா சோறு சரியாகத் தின்னவில்லை. கொன்று எடுக்கிற மருந்து என்றால் எனக்கு வேண்டாம் அஸ்கா. கால் போனாலும் பரவாயில்லை. மறைக்காமல் எழுது.

மாமா நெய்னார்

*

கண்டி
2024 ஜனவரி 14

அன்புள்ள மாமா, மாமி இருவருக்கும் ஸலாம்.

ஹஸ்ரத்திடம் சொல்லுங்கள், ஒரு தவளையையும் கொல்வதில்லை. ஓடையில் பிடித்து, முதுகை விரலால் மெதுவாகத் தேய்ப்போம். பால் மாதிரி ஈரம் கசியும். அதை எடுத்துக்கொண்டு அதே ஓடையில் விட்டுவிடுவோம். தாவிப் போய்விடும். மாமி வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

இன்னொரு செய்தி. உங்கள் கிருமிக்கு இங்கே ஒரு நம்பர் கொடுத்திருக்கிறோம், ஆனால் நிரூபா அதை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள். காலையில் வந்ததும் "மாமா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்பாள். போன கிழமை தவளைப் புரதத்தை அதன் மேல் போட்டோம். எந்த மருந்துக்கும் அசையாத கிருமி ஒரு மணித்தியாலத்தில் செத்தது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் செத்தது. பேராசிரியர் கைகொடுத்தார்.

இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. முடிந்ததும் எழுதுகிறேன்.

அஸ்கா

*

தில்லையடி
2024 பெப்ரவரி 4

என் கண்ணான மருமகளுக்கு ஸலாம். நீ நூறாண்டு சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். கிருமி செத்த இடத்தை மாமிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஹஸ்ரத்துக்கும் காட்டினேன். அவர் மாஷா அல்லாஹ் என்றார்.

மருந்தாகி வர வருடக் கணக்கு என்று முன்பு எழுதினாய். அது ஊருக்கு. நாங்கள் வீட்டு ஆட்கள் அல்லவா? இருந்தாலும் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மாமி ஒரு வேலை செய்தாள். எங்கள் கிணற்றடியில் வாளிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய தேரை இருக்கும், உனக்கும் தெரியும், சின்ன வயதில் அதைப் பார்த்து ஓடியிருக்கிறாய். கையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி அதைப் பிடித்தாள். நீ எழுதியபடியே முதுகைத் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் பால் மாதிரி வந்தது. பஞ்சில் எடுத்து என் புண்ணுக்குள் வைத்துக் கட்டினாள். தேரையை அதே இடத்தில் விட்டாள். ஓர் உயிருக்கும் கேடில்லை.

"புள்ள மருந்து அனுப்பும் மட்டும் இது கிடக்கட்டும்" என்றாள்.

"ஹவ்வா, அவ எழுதினது தவளை. இது தேரை."

"ரெண்டும் ஒரே குடும்பந்தானே. ஒங்களுக்கு எழுத்து வந்த ஒடன எல்லாத்துலயும் பிழை பிடிக்கிற."

நன்றாக எரிந்தது. உணர்ச்சியே இல்லாத காலில் எரிந்தது என்றால் பார். கிருமி வெடிக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு மாலையும் வைக்கிறோம். கிளினிக்குக்குப் போகிற அன்று மிஸ் ஏசுவார் என்று கழுவிவிட்டுப் போகிறோம்.

செய்தது சரிதானா என்று ஒரு வரி எழுது.

மாமா நெய்னார்

*

தில்லையடி
2024 மார்ச் 6

அன்பு அஸ்காவுக்கு ஸலாம். சுகமாக இருக்கிறாயா?

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பரீட்சையாக இருக்கும். ரிப்கான் உனக்குப் போன் எடுக்கிறேன் என்று நின்றான். "படிக்கிற புள்ளயக் குழப்பாத, அவ எழுதுவா" என்று சொல்லிவிட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கிறது. காய்ச்சல். கால் கணுக்கால் வரை வீங்கிவிட்டது, நிறமும் நல்லதாக இல்லை. மாமி தேரைப் பால் வைப்பதை நிறுத்திவிட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரி வாட்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். நோன்பும் வருகிறது. டொக்டர் பிடிக்கக் கூடாது என்கிறார்.

செய்தது சரிதானா என்று கேட்டிருந்தேன்.

மாமா

*

தில்லையடி
2024 ஏப்ரல் 10

அன்பு மருமகளுக்குப் பெருநாள் வாழ்த்து. ஈத் முபாரக். நீ எங்கே பெருநாள் எடுத்தாய், யாரோடு சாப்பிட்டாய்?

இங்கே வட்டிலப்பம் அவித்தோம். பெருநாள் தொழுகையைக் கதிரையில் இருந்து வீட்டிலேயே தொழுதேன். காய்ச்சல் இல்லை. கால் நோகவில்லை. நாற்றமும் இல்லை. வகுப்புக்குப் போவதில்லை, டீச்சர் வீட்டுக்கு வந்து பாடம் தருகிறார். கூட்டெழுத்து எல்லாம் இப்போது வருகிறது.

மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள்.

மாமா நெய்னார்

*

கண்டி
2024 ஏப்ரல் 28

அன்புள்ள மாமா,

ஸலாம். உங்கள் சுகத்தைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்றுத்தான் ஜெர்மனியிலிருந்து வந்தேன். ஜனவரி கடைசியில் அவசரமாகப் போனேன், மூன்று மாதம். உங்களிடம் சொன்னால் ஏன் போகிறாய், மருந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள் என்று சொல்லாமல் போனேன். அங்கிருந்து ஒருமுறை போன் எடுத்தேன். மாமா வகுப்புக்குப் போயிட்டார் என்று மாமி சொன்னா. உங்கள் மூன்று கடிதங்களும் இங்கே என் மேசையில் கிடந்தன.

மாமா, தேரையின் பால் நஞ்சு. நான் எழுதிய தவளை மலை ஓடையில் இருக்கிற வேறு இனம். அதன் ஈரத்தைக்கூட நாங்கள் அப்படியே பாவிப்பதில்லை. அதிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தறிந்து, அதே மாதிரி ஒன்றைத் தொழிற்சாலையில் செய்து எடுக்கிறோம். விளங்க வேண்டும் என்று சுருக்கி எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கிருமியைக் கொன்ற அதே புரதம் மனித இரத்தத்தையும் வெடிக்கச் செய்கிறது. ஜனவரியில் உங்களுக்குக் கடிதம் எழுதியதற்கு முதல் நாளே அதைப் பார்த்துவிட்டேன். குழாயில் எல்லாம் சிவப்பாக இருந்தது. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். நல்லதை மட்டும் எழுதினேன். அதைச் சரி செய்யத்தான் ஜெர்மனி போனேன்.

மார்ச் கடிதத்தை வாசித்ததும் அடுத்ததை உறை கிழியப் பிரித்தேன். பெருநாள் கடிதம் கையில் இருந்ததால்தான் மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பிவிட்டது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே புரதத்தில் ஓர் இணைப்பை மாற்றிப் பார்த்தோம், இரத்தம் வெடிப்பது குறைந்திருக்கிறது. அதே புண்ணிலிருந்து இரண்டாவது முறை கிருமி எடுத்தால், இடையில் அது மாறியிருக்கிறதா என்று ஒப்பிடலாம் என்று பேராசிரியர் சொல்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன். பஞ்சால் நானே துடைத்து எடுக்கிறேன், நோகாது. பழைய 'மாமா' குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அஸ்கா

*

தில்லையடி
2024 மே 19

மருமகள் அஸ்காவுக்கு ஸலாம். வெளிநாடு போய்ச் சுகமாகத் திரும்பியது சந்தோஷம்.

பஞ்சு கொண்டு வராதே. நீ துடைக்க வேண்டிய கால் இங்கே இல்லை. நோன்பில் இரண்டாவது வெள்ளிக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ போன் எடுத்தபோது நான் வாட்டில் கிடந்தேன். வகுப்பு என்று சொல்லச் சொன்னது நான்தான். கால் நோகவில்லை என்று எழுதினேன். இல்லாத கால் நோகாது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது இரவில் நோகிறது, அதுவும் பெருவிரல்.

அதற்கும் கையெழுத்து வைத்தேன். கால் அறுபடப்போகிறவனுக்குக் கை நடுங்கும் என்று மிஸ் மையைக் கொண்டுவந்தார். எழுத்து நடுங்கவில்லை. நல்ல வடிவாக வந்தது.

எடுத்த காலை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி மையவாடியில் அடக்கினோம். ரிப்கான் வெள்ளைச் சீலையில் சுற்றித் த்ரீவீலில் மடியில் வைத்துக் கொண்டுபோனானாம், அன்றைக்கு வண்டி ஓட்டியது அவன் மச்சான். குழந்தை மௌத்தாக்கும் என்று இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு பின்னால் போயிருக்கிறார்கள். தொழுவிக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்க, "காலுக்குத் தொழுகையில்ல. ஆள் வந்தாத்தான்" என்று ஹஸ்ரத் சொன்னாராம். சிரிக்கத்தான் சொல்லியிருக்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை என்று ரிப்கான் சொன்னான்.

மாமி கிணற்றடிக்குப் போவதில்லை. முன் பைப்பில்தான் எல்லாம் கழுவுகிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் என் பக்கத்தில் வந்து இருந்து கேட்கிறாள், "என்ட கையாலதானே?" என்று. இல்லை என்கிறேன். எலும்பு அதற்கு முன்னமே அழுகிப்போயிருக்கலாம் என்று டொக்டர் பொதுவாகச் சொன்னார். தேரையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு பதில் சொல்லிவிடுவார். பிறகு அந்தப் பதிலோடு ஹவ்வா இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நஞ்சு என்ற சொல் வந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். இரத்தம் வெடித்ததையும் விட்டேன். நீ ஜெர்மனி போனதையும் குளிர்பெட்டியையும் மட்டும் வாசித்தேன். "அவ்வளவுதானா? இத்தன பக்கத்துல?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். எழுத்துப் படித்ததில் எனக்கு இப்படியும் ஒரு வசதி கிடைத்திருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாகிறது, அந்த வரி வரவில்லை. வராததை எழுதாமல் விடுகிறேன்.

பெருநாளைக்கு வா. நீ உள்ளே வந்து இருக்கும் முன்னமே மாமி உன்னிடம் கேட்பாள். நான் சொல்வதை அவள் நம்பவில்லை. நீ படித்தவள், நீ சொன்னால் நம்புவாள். தேரையால் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். உண்மை எது என்று எனக்கு எழுத வேண்டாம். உனக்கும் அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு நல்லதை மட்டும் சொல்ல உனக்கு வரும். ஜனவரியில் எனக்குச் செய்தாய். அதை மாமிக்கும் செய்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

மாமா நெய்னார்